வட்டத்துக்குள் ஒரு வீடு

அணுமின் நிலையம் பற்றிய விளக்கக் கூட்டத்துக்குக் கங்கா போனது குடைக்காகத்தான். கூட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு குடையும் ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் கொடுப்பார்கள் என்று கோயில் தலைவர் தங்கராஜு வாட்ஸாப்பில் போட்டிருந்தார். அணு என்ற சொல்லை அவர் கடைசி வரியில்தான் எழுதியிருந்தார், அதுவும் நேரத்துக்கும் இடத்துக்கும் கீழே. கங்கா வீட்டுக் குடையோ கம்பி ஒடிந்து, விரித்தால் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு நின்றது. அதனால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் அவள் பொது மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இடம் பிடித்துவிட்டாள்.

ஏழாங்கட்டைத் தோட்டம் புக்கிட் ரோத்தானிலிருந்து அசாம் ஜாவா போகிற வழியில் உள்ளே ஒதுங்கிக் கிடக்கிறது. பத்திரத்தில் அதற்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர் உண்டு. அதைச் சொன்னால் தபால்காரருக்குக்கூட வழி தெரியாது. மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வரிசை வீடுகள், நடுவில் மாரியம்மன் கோயில், சுற்றிலும் செம்பனை. வயசுப் பிள்ளைகள் ராவாங்குக்கும் கிள்ளானுக்கும் வேலைக்குப் போய்விட, நாற்பத்தெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் மிச்சமிருந்தன.

கங்கா தமிழ்ப் பள்ளி கேன்டீனில் சமைக்கிறாள். கணவர் அழகேசன் தோட்டத்தில் பழக்குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறார். டிசம்பரில் அவருக்கு அறுபது முடிகிறது. அறுபது முடிந்த மறுமாதம் வீட்டுச் சாவியை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும் என்று மேனேஜர் ரவீந்திரன் கையெழுத்துப் போட்ட கடிதம் ஏற்கெனவே வந்தாயிற்று. பழைய தொழிலாளர்களுக்கு வீடு கட்டித் தருவதாக நான்கு தேர்தல்களில் நான்கு பேர் சொல்லிவிட்டுப் போனார்கள். நான்காவது ஆள் அடிக்கல்கூட நாட்டினார். கல் நன்றாக இருக்கிறது. ராவாங்கில் மகள் வீடு ஒன்று உண்டு. மூன்று அறை, ஏழு பேர். அங்கே எட்டாவதும் ஒன்பதாவதுமாகப் போய் நிற்கக் கங்காவுக்கு மனமில்லை. அழகேசனைக் கேட்டால் "பாப்போம்" என்பார். முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் அவர் எதையும் பார்த்ததாகக் கங்காவுக்கு நினைவில்லை.

கூட்டத்தை நடத்த வந்தவன் பவனேஷ். கோலாலம்பூரில் ஏதோ ஆலோசனை நிறுவனத்தில் வேலை, இருபத்தேழு வயது, நல்ல பையன். அந்த நல்ல குணம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். நாட்டுக்கு அணுமின்சாரம் வேண்டுமா என்று அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்தது. முடிவெடுப்பதற்கு முன்னால் சனங்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவனுடைய நிறுவனத்தை ஊர் ஊராக அனுப்பியிருந்தது. படம் காட்ட வேண்டும், கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பி வாங்க வேண்டும். சுங்கை பெசாரில் முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தான்.

"கரி எரிச்சா புகை. கேஸ் ஒரு நாளைக்குத் தீர்ந்துடும். சோலார் ராத்திரி வேலை செய்யாது. இது மட்டும் ராத்திரி பகலா ஓடும், புகையே இல்ல" என்றான் பவனேஷ்.

"வெடிக்குமா தம்பி?" என்று முன்வரிசையிலிருந்து தங்கராஜு கேட்டார்.

"வெடிகுண்டு மாதிரி வெடிக்காது, அங்கிள். ஆனா உள்ள சூட்ட அடக்க முடியலன்னா கதிர்வீச்சு வெளிய வர்ற ஆபத்து இருக்கு. நான் மறைக்க மாட்டேன். அதுக்குத்தான் ஒண்ணுக்கு மேல ஒண்ணா பாதுகாப்பு வச்சிருக்காங்க. அதப் பாக்குறதுக்குன்னே தனியா ஒரு துறை இருக்கு. அவங்க உரிமம் குடுக்காம ஒரு செங்கல்கூட வைக்க முடியாது."

"அதோட குப்பைய எங்க போடுவீங்க?" என்று கங்கா கேட்டாள்.

"தீர்ந்துபோன எரிபொருள பத்திரமா மூடி, ஆயிரக்கணக்கான வருஷம் காவல் காக்கணும், ஆண்ட்டி."

"எங்க குப்பை லோரியே ரெண்டு வாரத்துக்கு ஒருக்காதான் வருது, தம்பி" என்றாள் கங்கா. மண்டபம் சிரித்தது. பவனேஷும் சிரித்தான். இந்த ஊர்ச் சனங்கள் தன்னோடு ஒட்டிவிட்டார்கள் என்று நம்பி, அந்த மகிழ்ச்சியில் அடுத்த படத்தைப் போட்டான்.

அந்தப் படம்தான் வம்பை இழுத்துக்கொண்டு வந்தது. அணு உலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஆபத்துக் காலத்தில் வட்டத்துக்குள் இருப்பவர்களை முதலில் வெளியேற்றுவார்கள் என்று விளக்கும் படம் அது. வேறு ஊர்களில் ஏதோ வெளிநாட்டு வரைபடத்தை வைத்து ஒப்பேற்றியவன், இங்கே சனங்களுக்குப் புரியட்டும் என்று முதல்நாள் உட்கார்ந்து ஏழாங்கட்டையின் வரைபடத்தையே எடுத்து, அதன் மேல் சிவப்பில் ஒரு வட்டம் வரைந்து கொண்டுவந்திருந்தான். மேல் லயம் முழுவதும் வட்டத்துக்குள். கோடு கோயிலின் நடுவே ஓடியது. கீழ் லயம், கங்காவின் வீடும் சேர்த்து, வெளியே.

மண்டபமே கழுத்தை நீட்டிப் பார்த்தது.

தோட்டத்துச் சனங்களுக்குப் படம் புரியாது என்று பவனேஷ் நினைத்திருந்தால் அது அவனுடைய தப்பு. அவர்களுக்குப் புரிந்த அளவு இந்த நாட்டில் வேறு யாருக்கும் புரிந்திருக்காது. பதினாறு வருடங்களுக்கு முன் இப்படித்தான் ஒருவர் வந்து, இதே சுவரில், நெடுஞ்சாலைக்காக ஒரு கோடு போட்டுக் காட்டினார். இது சும்மா உதாரணம், இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்றார். அடுத்த வருடம் கோட்டுக்குள் இருந்த ஆற்றோர லயத்தை இடித்தார்கள். அங்கிருந்த பதினான்கு குடும்பத்துக்கும் புக்கிட் ரோத்தான் பக்கம் கல்வீடு கிடைத்தது. கோடு கங்கா வீட்டைத் தொடாமல் நாற்பதடி தள்ளிப் போயிருந்தது. அந்த நாற்பதடியை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"வட்டத்துக்குள்ள இருக்கிறவங்கள எங்க கொண்டு போவீங்க?" என்று தங்கராஜு மெதுவாகக் கேட்டார். அவர் வீடு மேல் லயத்தில் முதல் வீடு.

"ஆபத்து வந்தா மட்டும், அங்கிள். பாதுகாப்பா தங்க ஒரு இடம் முன்கூட்டியே ரெடியா இருக்கணும். அது இல்லாம உரிமமே கிடையாது."

தங்கராஜு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அவருடைய மனைவி பக்கத்துப் பெண்ணின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

கூட்டம் முடிந்து எல்லோரும் குடைக்கு வரிசை பிடித்தபோது கங்கா மட்டும் நேராகத் திரைப் பக்கம் போனாள்.

"தம்பி, இந்த வட்டத்த கொஞ்சம் கீழ இழுக்க முடியுமா? ரொம்ப வேணாம். ஒரு பந்து விளையாடுற திடல் அளவு."

"ஆண்ட்டி, இது சும்மா எக்ஸாம்பிள் லா. இங்க ஒண்ணுமே வரப்போறது இல்ல. எந்த இடமும் இன்னும் முடிவாகல."

"போன தடவையும் இதேதான் சொன்னாங்க" என்றாள் கங்கா. பவனேஷ் அவளைப் பாவமாகப் பார்த்துவிட்டு இன்னொரு குடையை எடுத்துக் கையில் திணித்தான். இரண்டு குடையோடு வீட்டுக்கு நடந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. ஒரு மனுஷி வாழ்க்கையில் எத்தனை தடவைதான் கோட்டுக்கு வெளியே நிற்பாள்?

அன்று சாயங்காலமே தங்கராஜு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மேல் லயத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினார். பவனேஷ் ஒரு வாரத் தவணையில் கொடுத்துவிட்டுப் போன கேள்வித்தாளில் வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருந்தது. தோட்டத்தில் எந்தப் பட்டியல் எடுத்தாலும் அதில் தலையைக் கூட்டிக் காட்டுவது வழக்கம். ஆற்றோர லயத்துக்காரர்களில் தலை அதிகமிருந்த குடும்பத்துக்கு மூலைவீடு கிடைத்தது என்று ஒரு பேச்சு. அது உண்மையோ பொய்யோ, அன்றிலிருந்து யாரும் உள்ளபடி எழுதியது கிடையாது. ராவாங்கில் இருக்கும் மகன்கள், கிள்ளானில் கட்டிக்கொடுத்த பெண்கள், அவர்களுடைய மாமனார் மாமியார் எல்லோரும் ஐசி அடையாள அட்டை நம்பரோடு மேல் லயத்தில் குடியேறினார்கள். தங்கராஜு வீட்டில் மட்டும் நாற்பத்தொரு பேர். அதில் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்யும் மச்சான். மற்றொருவர் காலமாகி மூன்று வருடமாகிறது, கருமாதிச் சடங்கில் கங்காவே சாப்பிட்டிருக்கிறாள்.

கீழ் லயத்துப் பெண்கள் கங்கா வீட்டு வாசலில் கூடினார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். கோயில் கோட்டில் இருப்பதால் கோயிலுக்குள் படுத்துக்கொண்டால் கணக்கில் வருமா என்று ஒருத்தி கேட்டாள். கங்கா கைப்பேசியில் அணு உலையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். நான்கு நாள் அப்படித்தான் படித்தாள். கேன்டீனில் சாம்பார் அடிப்பிடித்தது. தலைமையாசிரியர் கேட்டதற்கு, யுரேனியத்தைச் செறிவூட்டுவது எப்படி என்று ஒரு விளக்கம் கொடுத்தாள். அதன் பிறகு அவர் சாம்பாரைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

ஐந்தாம் நாள் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. பவனேஷ் காட்டியது சின்ன உலை. சின்ன உலைக்கு வட்டமும் சின்னது. பெரிய உலை என்றால் வட்டம் பல கிலோமீட்டர் விரியும். அதாவது வட்டத்தை யாரும் கீழே இழுக்க வேண்டியதில்லை. உலையைப் பெரிதாக்கினால் போதும், வட்டம் தானாக வந்து கீழ் லயத்தைச் சேர்த்துக்கொள்ளும்.

"பெரிய உலைதான் வேணும்னு எழுதப்போறோம்" என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அழகேசனிடம் சொன்னாள்.

அழகேசன் வாயருகே கொண்டுபோன சோற்றை நிறுத்தினார். "வெடிச்சுதுன்னா?"

"வெடிக்காதுங்க, கசியும். அது கட்டி முடிச்சு, கசிஞ்சு, நம்மகிட்ட வர எத்தனையோ வருஷம் ஆவும். டிசம்பர் மட்டும் கன்ஃபார்மா வருது. டிசம்பருக்கு அப்புறம் நாம எங்க இருப்போம்னு மொதல்ல சொல்லுங்க."

அவர் வழக்கம்போல "பாப்போம்" என்று சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோற்றைப் போட்டுக்கொண்டார்.

கீழ் லயத்தின் அத்தனை தாளிலும் கங்காவே எழுதிக் கொடுத்தாள். சின்ன உலை வேண்டாம், ஆயிரம் மெகாவாட்டுக்குக் குறையாமல் வேண்டும், முடிந்தால் இரண்டு. தலைகளும் குறையக் கூடாதல்லவா? ராவாங் மகள் குடும்பம் ஏழு பேரையும் தன் வீட்டில் எழுதிக்கொண்டாள். மருமகனின் தம்பியையும் சேர்த்தாள். அவன் எப்படியும் ஒரு நாள் வந்து தங்கக் கூடியவன்தான்.

மூன்று வாரம் கழித்து பவனேஷ் மறுபடி வந்தான். இந்தத் தடவை தனியாக வரவில்லை. நாட்டிலேயே நூற்றுக்கு நூறு பேர் அணு உலையை ஆதரித்த ஒரே இடம் ஏழாங்கட்டை. அதிலும் பாதிப் பேர் பெரிதாகக் கேட்டிருந்தார்கள். அவனுடைய முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாராம். என்னதான் நடக்கிறது என்று பார்க்க, உரிமம் கொடுக்கும் துறையிலிருந்து லோகேஸ்வரி என்ற அதிகாரி வந்திருந்தார். நாற்பது வயது, அரைச் சிரிப்பு, கையில் தடித்த கோப்பு. செய்தி தோட்டக் கம்பெனியின் தலைமையகம்வரை போயிருந்ததால் மேனேஜர் ரவீந்திரனும் முன்வரிசையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லோகேஸ்வரி ஆரம்பிப்பதற்குள் கங்கா எழுந்துவிட்டாள்.

"மேடம், வணக்கம். எங்களுக்குச் சின்னது பத்தாது. குடுக்கிறதுன்னா பெருசா குடுங்க. மேல் லயத்துக்கு மட்டும் வட்டம் போட்டா அது நியாயம் இல்ல. கசிஞ்சா காத்து லயம் பாத்தா வரும்?"

கீழ் லயம் கைதட்டியது. லோகேஸ்வரி அவளை உட்காரச் சொல்லவில்லை. கோப்பைத் திறந்தார்.

"உக்காராதீங்கக்கா, உங்ககிட்டதான் கேக்கணும். இங்க எத்தன வீடு?"

"நாப்பத்தெட்டு."

"எத்தன பேரு இருக்கீங்க?"

கங்கா தங்கராஜுவைப் பார்த்தாள். தங்கராஜு தரையைப் பார்த்தார்.

"உங்க தாள்ல ஆயிரத்து முந்நூத்துப் பதினாறு பேரு இருக்காங்க" என்றார் லோகேஸ்வரி. "ஒரு வீட்டுக்கு இருபத்தேழு பேரு. சரி, நான் அத விசாரிக்க வரல. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். அணு உலைக்கு இடம் பாக்கும்போது நாங்க மொதல்ல பாக்குற விஷயங்கள்ல ஒண்ணு, சுத்தி எத்தன பேரு இருக்காங்கன்னு. ஏதாச்சும் ஆச்சுன்னா அத்தன பேரையும் வெளிய கொண்டு போகணும். அதனால ஆள் கம்மியா இருக்கிற இடத்தத்தான் தேடுவாங்க. ஒரு சின்ன தோட்டத்துல ஆயிரத்து முந்நூறு பேரு நெருக்கிக்கிட்டு இருந்தா, எந்தத் துறையும் கிட்டவே வராது."

வட்டத்துக்குள் நுழைவதற்காகத் தோட்டமே சேர்ந்து தலைகளைக் கூட்டிக் கூட்டி வட்டத்தையே துரத்தியிருந்தது.

ரவீந்திரன் காலாட்டுவதை நிறுத்தினார். கைப்பேசியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார்.

"இன்னொன்னு" என்றார் லோகேஸ்வரி. "இந்த இடம் எந்தப் பட்டியல்லயும் இல்ல. இன்னும் எந்த இடமும் முடிவாகல. அந்தப் படம் இந்தத் தம்பி விளக்கத்துக்குப் போட்டது." பவனேஷின் காது சிவந்திருந்தது.

கங்கா இன்னும் நின்றுகொண்டேதான் இருந்தாள்.

"ஒரு கேள்வி, மேடம். முடிவாக எத்தன நாளாவும்?"

"நாளா? ஆய்வு இருக்கு, சட்டம் திருத்தணும், வெளிநாட்டு ஒப்பந்தம் இருக்கு, ஆளுங்களுக்குப் பயிற்சி குடுக்கணும். அதுக்கப்புறந்தான் இடம், அதுக்கப்புறந்தான் உரிமம். வேணும்னு இன்னைக்கே ஆரம்பிச்சாக்கூட பத்துப் பதினஞ்சு வருஷம் தாராளமா ஆகும். அவசரப்படுற விஷயம் இல்லக்கா இது."

"வட்டத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு வேற இடம் காட்டாம உலைய ஓட்ட விடமாட்டீங்க, அப்படித்தான?"

"ஆமா. திட்டம் இல்லாம உரிமம் இல்ல."

"எங்க வீட்டுக்காரரு டிசம்பர்ல ரிட்டயர் ஆவுறாரு. முப்பத்தாறு வருஷம் இந்தத் தோட்டத்துல வேல செஞ்சவரு. ஜனவரியில வீட்ட விட்டுப் போவணும். அவருக்கு இடம் காட்டாம வெளிய அனுப்பக் கூடாதுன்னு அந்த மாதிரி ஒரு சட்டம் இருக்கா, மேடம்?"

லோகேஸ்வரி கோப்பை மூடினார். அதில் பதில் இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லக்கா" என்றார். பிறகு, அதிகாரிகள் சாதாரணமாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "இருக்கணும்."

அன்று குடை இல்லை. எல்லோருக்கும் ஒரு பேனா கொடுத்தார்கள்.

அடுத்த இரண்டு நாளில் மேல் லயம் காலியாகத் தொடங்கியது, நோட்டுப் புத்தகத்தில்தான். தங்கராஜு திருத்தும் வெள்ளை மையை ஒரு பாட்டில் வாங்கிவந்து, மச்சானைச் சிங்கப்பூருக்குத் திருப்பி அனுப்பினார். செத்தவரை மறுபடி சாகடித்தார். ஆள் குறைந்தால் உலை வந்துவிடும், உலை வந்தால் வீடு வந்துவிடும் என்பது அவருடைய புதுக் கணக்கு. உலை வேண்டுமென்றால் ஆள் இருக்கக் கூடாது, வீடு வேண்டுமென்றால் ஆள் இருக்க வேண்டும், இரண்டையும் எப்படி ஒன்றாக்குவது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நோட்டுப் புத்தகத்தைக் காட்டியிருப்பார்.

கங்கா அந்த ஆட்டத்துக்கே போகவில்லை. பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் போட ஆரம்பித்தாள். மகளுக்குப் போன் செய்து, ஜனவரியில் வரட்டுமா என்று கேட்டாள். "வாங்கம்மா" என்று சொல்வதற்கு முன் மகள் ஒரு மூச்சு நேரம் பேசாமலிருந்தாள். மகள்மேல் கங்காவுக்குக் கோபம் வரவில்லை. அந்த ஒரு மூச்சில் மூன்று அறைகளையும் மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருப்பாள் என்று தெரியும். ஆனாலும் போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கீழ் லயத்தில், கங்கா வீட்டு வாசலில், மேனேஜருடைய ஹைலக்ஸ் வண்டி வந்து நின்றது. ரவீந்திரன் கீழ் லயத்துக்கு வண்டியில் வருவது வழக்கமில்லை, கடிதம்தான் வரும். கையில் ஒரு பெட்டி மாண்டரின் ஆரஞ்சு வேறு வைத்திருந்தார். சீனப் புத்தாண்டு முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதை எங்கே பிடித்தார் என்று கங்காவுக்குக் கடைசிவரை புரியவில்லை.

"அக்கா, சௌக்கியமா?" என்றார். அவர் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஜனவரி விஷயம் பத்திப் பேசலாம்னு வந்தேன். நீங்க எங்கயும் போக வேணாம். இங்கயே இருங்க. மகள், மருமகன் எல்லாரையும்கூட வந்து இருக்கச் சொல்லுங்க. பின்னாடி ரெண்டு வீடு காலியா கெடக்கு."

கங்கா ஆரஞ்சுப் பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்ல விளங்கியது. தோட்டத்து நிலத்தைக் கூறுபோட்டு நல்ல விலைக்கு விற்கலாம் என்று தலைமையகத்துக்குப் பல வருடக் கனவு. அணு உலைக்கென்று அரசாங்கம் கையகப்படுத்தினால் கொடுத்த விலையை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஆள் அதிகமிருக்கும் இடத்தை அரசாங்கம் தொடாது என்று ரவீந்திரன் தன் காதாலேயே கேட்டிருந்தார். தோட்டத்தைக் காலி செய்வதையே இத்தனை வருடமாகத் தொழிலாக வைத்திருந்தவர், மூன்று நாளாக ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

"இங்க வரப்போறது இல்லன்னு அந்த மேடம் தெளிவா சொன்னாங்களே" என்றாள் கங்கா.

"இன்னும் எதுவும் முடிவாகலன்னுதான் சொன்னாங்களாம்" என்றார் ரவீந்திரன். அந்த வாக்கியத்தை இந்தத் தோட்டத்தில் எத்தனையோ தடவை அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

கங்கா உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள். வெளியே வந்தபோது முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாயால சொன்னா பத்தாதுங்க, சார். போகச் சொன்னது எழுத்துலதான வந்துச்சு. இருக்கச் சொல்றதும் எழுத்துல வரட்டும்."

"தாராளமா. எது வரைக்கும்னு போடலாம்? ஒரு வருஷம்?"

"அணு உலைக்கு உரிமம் குடுக்கிற வரைக்கும், இல்லன்னா குடுக்க மாட்டோம்னு அரசாங்கம் எழுத்துல சொல்ற வரைக்கும்னு போடுங்க."

ரவீந்திரன் மனசுக்குள் கணக்குப் போட்டார். இந்த உலைப் பேச்செல்லாம் ஒரு வருடத்தில் ஓய்ந்துவிடும், அதற்குள் நிலத்தை விற்றுவிடலாம் என்பது அவருடைய கணக்கு. லோகேஸ்வரி பத்துப் பதினைந்து வருடம் என்று சொன்னபோது அவர் மண்டபத்துக்கு வெளியே தலைமையகத்தோடு போனில் இருந்தார்.

"சரி, போட்டுடலாம்" என்றார்.

"எனக்கு மட்டும் போட்டா நான் வாங்க மாட்டேன். கீழ் லயத்துல இன்னும் அஞ்சு பேரு ரிட்டயர் ஆவப்போறாங்க. மேல் லயத்துலயும் இருக்காங்க. எல்லாருக்கும் போடுங்க. கைமாத்தி வித்தாலும் வாங்குறவன் இதுக்குக் கட்டுப்படணும்னு ஒரு வரி சேருங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். ஆள் கூடத்தானே வேண்டும் என்று தலையாட்டினார். மறுநாளே மலாயில் தட்டச்சு செய்து, நீல முத்திரை குத்தி, நாற்பத்தெட்டுக் கடிதமும் வந்து சேர்ந்தது. கங்கா அதை மூன்று தடவை படித்தாள். பவனேஷுக்கு வாட்ஸாப்பில் படம் எடுத்து அனுப்பினாள். அவன் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டு, 'ஆண்ட்டி, இது ஸ்ட்ராங்கா இருக்கு லா' என்று பதில் போட்டான். தங்கராஜு தன் கடிதத்தை வாங்கிக்கொண்டு, முதலிலிருந்தே இதுதான் தன் திட்டம் என்று கோயிலில் சொல்லிக்கொண்டிருந்தார். கங்கா அவரை மறுக்கவில்லை.

அழகேசன் டிசம்பரில் ஓய்வு பெற்றார். ஜனவரி வந்தது, போனது. அட்டைப்பெட்டியிலிருந்து பாத்திரங்கள் மறுபடி அடுப்படிக்கு வந்தன. பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் டிவி செய்தியில் ஓர் அதிகாரி வந்து, அணுமின்சாரம் பற்றி அவசரப்பட்டு எந்த முடிவும் எடுக்கப்படாது, மேலும் விரிவான ஆய்வுகள் தேவை என்றார். கங்கா எழுந்துபோய் ஜவ்வரிசியை ஊறப்போட்டாள்.

"என்னா விசேஷம்?" என்றார் அழகேசன்.

"பாயாசம் வைக்கப்போறேன். இன்னும் யோசிக்கிறாங்களாம்."

"இது நம்ம வீடு இல்லம்மா. அவங்க யோசிச்சு முடிக்கிற அன்னைக்கு நாம வெளிய."

அது உண்மைதான். கங்காவுக்கும் அது தெரியும், கடிதத்தைப் படித்த மூன்று தடவையும் தெரிந்துதான் படித்தாள். சர்க்கரை டப்பாவைத் திறந்தபடி சொன்னாள்: "முப்பது வருஷமா அவங்க யோசிச்சு யோசிச்சே நமக்கு வீடு இல்லாமப் போச்சு. இந்த ஒரு தடவ நல்லா யோசிக்கட்டும்."